மானிட குடும்பமும் மறைந்த படமும்

மனிதனுக்கு மனிதன் அந்நியனல்லன் என்பதை நிலைநாட்டப் பெரிய சாஸ்திர ஆராய்ச்சி எதுவும் வேண்டுவதில்லை. குழந்தையைப் பறிகொடுத்த தாயின் முகத்தைக் கண்டவன், அவள் பேசும் பாஷையை அறியாதவனாயினும், அவள் துயரத்தை அறிந்துகொள்வான். நெடுநாள் பிரிந்திருந்த நண்பர் இருவர் ஒருவரையொருவர் தழுவிக்கொள்வதைக் காண்பவனுக்கு அவர்களுடைய குலமும் மதமும் நாடும் தெரிய வேண்டியதில்லை. இவ்வுண்மையை அஸ்திவாரமாகக் கொண்டு, பல தேசத்துக் கலைஞர்களின் படைப்புக்களை ஒன்றுசேர்த்து, மானிட உணர்ச்சிகளையே விஷயமாக வைத்து, நாடு நாடாகக் கண்காட்சிகள் நடத்தும் முயற்சி சென்ற எழுபது ஆண்டுகளாக உலகில் நடந்துவருகிறது. தேசங்கள் இத்தகைய காரியத்தில் ஒன்றோடொன்று ஒத்துழைப்பது நன்று என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும், ஒத்துழைப்பு என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்திலேயே மனநிறைவு கொண்டுவிடுதல் அறிவுடைமையாகாது. தேர்ந்தெடுத்தவர் யார், காட்டியவர் யார், காட்டப்பட்டவர் யார் என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டே ஆகவேண்டும். அவ்வாறு கேட்பதற்கு மிகவும் பொருத்தமான உதாரணம் ஒன்று உண்டு. 1955-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து நவீன கலைக் காட்சிசாலையில் தொடங்கி, நமது சென்னை உள்படப் பல நகரங்களுக்கு வந்துசென்ற 'மானிட குடும்பம்' என்னும் புகைப்படக் கண்காட்சியே அது. அதன் பெருமையும் குறையும் ஒருங்கே நமக்குப் பாடமாகத் தக்கவை.

கண்காட்சி பிறந்த வரலாறு

இக்கண்காட்சியை அமைத்தவர் எட்வர்டு ஸ்டைகன் என்னும் முதுபெரும் புகைப்படக் கலைஞர். அவர் 1879-இல் லக்ஸம்பர்க் என்னும் சிறு நாட்டிலே பிறந்து, கைக்குழந்தையாகவே பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். முதல் உலக யுத்தத்தில் ஆகாய விமானத்திலிருந்து போர்க்களங்களைப் படம் பிடிக்கும் அமெரிக்க ராணுவப் பகுதியில் பணிபுரிந்தார். இரண்டாம் யுத்தத்தில் கடற்படையின் புகைப்படக் குழுவொன்றுக்குத் தலைமை வகித்தார். 1942-லும் 1945-லும் யுத்தத்தைப் பற்றி இரண்டு கண்காட்சிகளையும், 1951-இல் கொரியா யுத்தத்தைப் பற்றி மூன்றாவது கண்காட்சியையும் அவர் அமைத்துக் காட்டினார். ஜனங்கள் திரளாக வந்தார்கள், பார்த்தார்கள், சிலர் கண் கலங்கினார்கள், பின்னர் வீடு சென்று தத்தம் வேலையைக் கவனித்தார்கள். யுத்தத்தின் மீது வெறுப்பு மட்டும் உண்டாகவில்லை. கோரத்தைக் காட்டிக் கோரத்தை ஒழிக்க இயலாது, வாழ்க்கையில் பாதுகாக்கத் தக்கது எதுவோ அதைக் காட்டவேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வந்தது அதன் பின்னரே.

இம்முடிவை நாம் இலேசாக எண்ணவில்லை. இரண்டு மகாயுத்தங்களைக் கண்ணால் கண்ட முதியவர் ஒருவரின் அநுபவத்திலிருந்து பிறந்தது அது. 1952-இல் அவர் ஐரோப்பாவில் 11 நாடுகளில் 29 நகரங்களுக்குச் சென்று அங்குள்ள கலைஞர்களைச் சந்தித்தார். உலகெங்குமுள்ள புகைப்படக்காரருக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. வந்து சேர்ந்த படங்கள் ஏறக்குறைய 20 லட்சம் என்பர். அவற்றைப் பதினாயிரமாகக் குறைத்து, பின்னர் மீண்டும் மீண்டும் சலித்து, 68 நாடுகளைச் சார்ந்த 503 படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றை எடுத்தவர்கள் 273 பேர். இப்பணியில் ஸ்டைகனுக்கு வலக்கையாக நின்றவர் வெயின் மில்லர் என்னும் இளைஞர். சிகாகோ நகரத்து நீக்ரோ மக்களின் வாழ்க்கையைப் பரிவோடு படம் பிடித்தவர் அவர். ஸ்டைகனின் மைத்துனரும் கவிஞருமான கார்ல் சாண்ட்பர்க் முன்னுரை எழுதினார்.

1955 ஜனவரி 24-ஆம் தேதி கண்காட்சி திறக்கப்பட்டது. அதன் அமைப்பும் புதுமையானது. பால் ருடால்ஃப் என்னும் கட்டிடச் சிற்பி அதை வகுத்தார். படங்களைச் சட்டமிட்டுச் சுவரில் வரிசையாக மாட்டும் பழைய வழக்கத்தை அவர் கைவிட்டார். சில படங்கள் சுவரளவு பெரியவை; சில உள்ளங்கையளவு சிறியவை; சில கம்பங்களில் நின்றன; சில கூரையிலிருந்து தொங்கின. காதல், விவாகம், பிரசவம், குழந்தை விளையாட்டு, உழைப்பு, உணவு, பாட்டு, நடனம், தனிமை, பசி, மரணம், பிரார்த்தனை என்று வாழ்க்கையின் கட்டங்களூடே பார்ப்போர் நடந்து செல்லவேண்டும். இடையிடையே, புல்லாங்குழல் ஊதும் பெரு நாட்டுச் சிறுவன் ஒருவனுடைய படம் பல்லவிபோல் மீண்டும் மீண்டும் வரும். இறுதியை நெருங்குகையில், ஹைட்ரஜன் குண்டு வெடிக்கும் காட்சி பெரிய வண்ணப்படமாக ஒளிவிட்டு நிற்கும். அக்கண்காட்சி முழுவதிலும் வண்ணத்தில் அமைந்தது அது ஒன்றே. அதைக் கடந்தால் ஐக்கிய நாடுகள் சபையின் படமும், கடைசியில், இருண்ட மரச்செறிவிலிருந்து வெளிச்சத்தை நோக்கி நடக்கும் இரண்டு குழந்தைகளின் படமும் காணப்படும். யூஜின் ஸ்மித் என்பவர் 1946-இல் தம் சொந்தக் குழந்தைகளை எடுத்த படம் அது. அவர் யுத்தகளத்தில் படம் பிடிக்கையில் படுகாயமடைந்து, நெடுங்காலம் காமெராவைத் தொடாதிருந்தபின் எடுத்தது.

நியூயார்க்கில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இதைக் கண்டார்கள். பின்னர் பல பிரதிகள் தயாரிக்கப்பட்டு, உலகம் சுற்றின. ஏறக்குறைய 37 நாடுகளில் 90 லட்சம் ஜனங்களுக்கு மேல் பார்த்தார்கள் என்று கணக்கிட்டிருக்கின்றனர். இக்காட்சியைப் புத்தகமாக அச்சிட்டு ஒரு டாலர் விலைக்கு விற்றபோது அது லட்சக்கணக்கில் செலவாயிற்று. கலைக்கண்காட்சி ஒன்று பாமர ஜனங்களை இவ்வளவு தூரம் கவர்ந்தது அதற்கு முன்னர் மிக அரிது. 1958-இல் பிராங்க்பர்ட்டில் இதைத் திறந்துவைத்துப் பேசியவர் ஹார்க்ஹைமர் என்னும் பேரறிஞர்; நாஜி ஆட்சியால் நாடு துறந்து ஓடித் திரும்பிவந்தவர். அவர் இதைப் பாராட்டினார். ஜாதி வெறியால் சீரழிந்த நாட்டிலே, எல்லா ஜாதியாரும் சிரிப்பதும் அழுவதும் ஒன்றே என்று சுவரெல்லாம் எழுதிக் காட்டுவது சிறு தொண்டன்று.

நீக்கப்பட்ட படம்

இவ்வளவும் பெருமை. இனிக் குறையைக் கூறுவோம்.

நியூயார்க்கில் கண்காட்சி திறந்தபோது அதில் ஒரு சிறிய படம் இருந்தது. அமெரிக்காவின் மிஸிஸிப்பி ராஜ்யத்தில் 1937-இல் எடுக்கப்பட்டது; எடுத்தவர் பெயர் தெரியாது. மரத்தோடு பிணைக்கப்பட்ட நீக்ரோ ஒருவருடைய உருவம். விசாரணையின்றி வெள்ளையர் கும்பல் ஒன்று அவரைக் கொன்றது. கண்காட்சி நடந்துகொண்டிருக்கையிலேயே இப்படம் சுவரிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. பார்ப்போர் அதனெதிரே நின்றுவிடுகின்றனர், கண்காட்சியின் ஓட்டம் தடைப்படுகிறது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். பின்னர் அச்சிட்ட புத்தகத்திலும் அது இடம்பெறவில்லை; உலகம் சுற்றிய பிரதிகளிலும் இல்லை.

பார்ப்போர் நின்றுவிட்டனர் என்பதைக் குற்றமாகக் கருதியது நமக்கு வியப்பைத் தருகிறது. நிற்கவைப்பதற்காகவன்றோ படத்தை மாட்டுகிறார்கள்! மணமக்களின் சிரிப்பைக் கண்டு நின்றால் அது ரஸனை, கொலையுண்டவனைக் கண்டு நின்றால் அது இடையூறு என்று கொள்வது எந்த நியாயம்? ஸ்டைகன் நிறவெறி கொண்டவரல்லர். நீக்ரோக் குழந்தைகளையும் காதலரையும் பாடகரையும் அன்போடு காட்டிய படங்கள் அக்கண்காட்சியில் இருந்தன. ராய் டிகராவா என்னும் நீக்ரோக் கலைஞரின் படங்களுக்கும் அவர் இடமளித்தார். ஆயினும், மானிட குடும்பம் ஒன்றே என்னும் இனிய சங்கீதத்துக்கு அந்த ஒரு படம் அபஸ்வரமாக ஒலித்தது. அபஸ்வரத்தை நீக்கினார்கள், அதற்குக் காரணமான அநீதியோ நாட்டில் அப்படியே இருந்தது.

அது எவ்வாறு இருந்தது என்பதைக் காலமே காட்டிற்று. கண்காட்சி நியூயார்க்கில் மே மாதம் முடிந்தது. ஆகஸ்டு மாதத்தில், அதே மிஸிஸிப்பி ராஜ்யத்தில், சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில் வெள்ளையர்களால் கடத்தப்பட்டுச் சித்திரவதை செய்து கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளையரே அடங்கிய ஜூரியார் விடுதலை செய்தனர். அச்சிறுவனுடைய தாயார் செய்த காரியத்தை நேயர்கள் கருதிப் பார்க்கவேண்டும். உருக்குலைந்த மகனுடைய சடலத்தை மூடிய பெட்டியில் வைத்து அடக்கம் செய்ய அவர் சம்மதிக்கவில்லை. பெட்டி திறந்தே இருக்கட்டும், என் மகனுக்கு நேர்ந்ததை உலகம் பார்க்கட்டும் என்று அவர் உறுதியாக நின்றார். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். நீக்ரோ மக்களின் பத்திரிகையொன்று அந்தப் புகைப்படத்தை வெளியிட்டது. அமெரிக்க நாட்டின் மனச்சாட்சியை அசைத்துப் பின்வந்த உரிமைப் போராட்டத்துக்கு உரமிட்டவற்றுள் அப்படமும் ஒன்று.

ஒரே ஆண்டில் இரண்டு படங்கள். ஒன்றை, கலையறிவு மிக்க பெரியவர் ஒருவர் பிறர் மனம் கோணாதிருக்கும்பொருட்டு எடுத்துவிட்டார். மற்றொன்றை, துயரத்துக்கு உரிய தாயே உலகத்தின் முன் வைத்தார். உணர்ச்சியைக் காட்சியாக வைக்கும் உரிமை யாருடையது என்னும் கேள்விக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

முகமும் காரணமும்

1956-இல் பாரிஸில் இக்கண்காட்சியைக் கண்ட ரோலான் பார்த் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் இக்குறையையே சுட்டிக் காட்டினார். எல்லோரும் பிறக்கிறார்கள், உழைக்கிறார்கள், இறக்கிறார்கள் என்று கூறுவது உண்மைதான். ஆனால் எவ்வாறு பிறக்கிறார்கள், யாருக்காக உழைக்கிறார்கள், எதனால் இறக்கிறார்கள் என்பதைக் கூறாவிட்டால் சரித்திரம் மறைந்து இயற்கை மட்டும் எஞ்சும், அநீதியும் மழை வெயிலைப்போல் மனிதனால் மாற்ற முடியாத ஒன்றாகத் தோன்றும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். எம்மெட் டிலின் பெற்றோரை அவர் அக்கட்டுரையில் நினைவுகூர்ந்தார்.

தமிழறிந்தோருக்கு இவ்வாதம் புதிதன்று. நமது தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எவ்வெக் காரணத்தால் பிறக்கிறது என்று நான்கு நான்காக எண்ணியும் காட்டுகிறது. அழுகைக்கு அது கூறும் காரணங்கள் பிறரால் இகழப்படுதல், இழப்பு, முன்னைய நிலையினின்று தாழ்தல், வறுமை என்பன. வெகுளிக்கு அது கூறும் காரணங்கள் உறுப்பைச் சிதைத்தல், குடியைக் கெடுத்தல், அடித்து வருத்துதல், கொலை என்பன. அச்சத்தின் காரணங்களை எண்ணும்போது, அணங்கையும் விலங்கையும் கள்வரையும் கூறியதோடு அமையாது, தம்மை ஆளும் இறைவனையும் அவ்வரிசையிலேயே சேர்த்துவிட்டார் ஆசிரியர். ஆட்சியாளனும் அச்சத்துக்குக் காரணமாவான் என்பதை நம் முன்னோர் மறைக்க எண்ணவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? அழுகை எல்லோருக்கும் பொது. ஆனால் அழுகையின் காரணம் எல்லோருக்கும் பொதுவன்று. கடன்பட்டு நிலத்தை இழந்த குடியானவனும், கூட்டாளியின் வஞ்சனையால் பொருளிழந்த சீமானும் ஒரே வகையாகவே அழக்கூடும். இருவருடைய முகங்களையும் அருகருகே மாட்டி, இருவரும் ஒரு குடும்பத்தினர் என்று எழுதிவைத்தால் பார்ப்போர் மனம் உருகும். ஆனால் அந்தச் சீமானே குடியானவனுக்குக் கடன் கொடுத்து நிலத்தைப் பறித்தவனாயின், அந்த உருக்கம் யாருக்குப் பயன்படும்? முகத்தைக் காட்டிக் காரணத்தை மறைக்கும் கண்காட்சி, துன்புறுத்தியவனுக்கே கேடயமாகிவிடும். 'மானிட குடும்ப'த்தில் படங்களுக்கு அடியில் நாட்டின் பெயரும் எடுத்தவர் பெயரும் மட்டுமே இருந்தன. எந்த ஆண்டில், எந்த நிகழ்ச்சியில், எதன் காரணமாக என்னும் விவரங்கள் இல்லை. காரணத்தின் இடத்தில் பெரியோர் பொன்மொழிகள் நின்றன.

சர்க்கார் கையில் கண்காட்சி

இக்கண்காட்சியை அயல்நாடுகளுக்கு அனுப்பியவர் யார் என்பதும் கவனிக்கத் தக்கது. 1953-இல் நிறுவப்பட்ட அமெரிக்க சர்க்காரின் செய்தி ஸ்தாபனமே இதை எடுத்துச் சென்றது. சோவியத் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் பனிப்போர் மூண்டிருந்த காலம் அது. தன் நாடு உலகத்தார் அனைவரையும் சகோதரராகக் கருதுகிறது என்று காட்டவேண்டிய அவசியம் வாஷிங்டனுக்கு இருந்தது. 1954 ஜூனில் குவாட்டமாலா நாட்டில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியை அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் உதவியோடு கவிழ்த்தார்கள். மறு ஆண்டிலேயே அந்நாட்டின் தலைநகரில் 'மானிட குடும்பம்' காட்டப்பட்டது. 1958-இல் நிற ஒதுக்கல் சட்டங்கள் கொடிகட்டிப் பறந்த ஜோஹானஸ்பர்க்கிலும் காட்டப்பட்டது. கறுப்பு முகமும் வெள்ளை முகமும் சுவரில் அருகருகே இருந்தன. வெளியே வீதியில் அவ்வாறு இருக்கச் சட்டம் இடந்தரவில்லை.

ஜப்பானில் நடந்ததோ இன்னும் அதிகமாகச் சிந்திக்கத் தக்கது. 1956-இல் தோக்கியோவில் இதை ஏற்று நடத்தியவர்கள், நாகஸாக்கியில் அணுகுண்டு விழுந்த மறுநாள் யமஹாடா என்னும் ஜப்பானியக் கலைஞர் எடுத்த படங்களையும் கூடுதலாகச் சேர்த்தார்கள். குண்டைக் கண்டவர்கள் அதை வானில் எழுந்த வண்ணக் காளானாகக் காணவில்லை. கருகிய உடலாகவும், சோற்றுருண்டையைக் கையில் பிடித்துத் திகைத்து நிற்கும் குழந்தையாகவும் கண்டார்கள். அவ்வநுபவத்தைத் தம் சுவரில் தாமே எழுத விரும்பினார்கள். ஆனால் சக்கரவர்த்தி பார்வையிட வந்தபோது, சேர்க்கப்பட்ட அப்படங்கள் திரையிட்டு மூடப்பட்டன; பின்னர் அகற்றியே விட்டார்கள். 1954 மார்ச்சில் பிகினித் தீவில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடி கப்பலில் இருந்த 23 பேர்மீது படிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. புண் ஆறாதிருக்கையில், புண்பட்டவன் தன் புண்ணைச் சுட்டிக்காட்டும் உரிமையும் பறிக்கப்பட்டது.

1959-இல் மாஸ்கோவில் அமெரிக்கப் பொருட்காட்சி நடந்தபோது இக்கண்காட்சியும் அங்கே வைக்கப்பட்டது. நிக்ஸனும் குருஷ்சேவும் சமையற்கட்டு மாதிரி ஒன்றின் முன் நின்று வாதிட்டது அந்தப் பொருட்காட்சியில்தான். அங்கே நைஜீரிய மாணவர் ஒருவர் சில படங்களைக் கிழித்தெறிந்தார். வெள்ளையரைக் கண்ணியமாகவும், ஆப்பிரிக்கரையும் ஆசியரையும் அரைநிர்வாணமாகவும் பசித்தவராகவும் காட்டியிருக்கிறார்கள் என்பது அவருடைய புகார். கலைப்பொருளைச் சிதைப்பதை நாம் ஆதரிப்பவரல்லோம். ஆனால் அவருடைய புகாருக்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல நமக்கு மனமில்லை. 273 கலைஞர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அமெரிக்கர். எஞ்சியவரில் பெரும்பாலோர் ஐரோப்பியர். ஆப்பிரிக்கா காட்டப்பட்டது, ஆப்பிரிக்கர் காமெராவைப் பிடித்துத் தம்மைத் தாமே காட்டியது அரிது. நைஜீரியா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. அதற்குச் சுதந்திரம் வந்தது அடுத்த ஆண்டிலேதான். அடிமை நாட்டில் பிறந்து வளர்ந்த இளைஞனுக்கு, தன் ஜனங்களின் முகம் பிறர் சுவரில் எவ்வாறு தொங்குகிறது என்பது சில்லறை விஷயமாக இருக்க முடியாது. இதை நாம் நன்கு அறிவோம். நம் நாட்டையும் நெடுங்காலம் பிறரே படம்பிடித்துப் பிறரே விளக்கம் கூறிவந்தார்கள்.

1956-ஆம் ஆண்டிலும் அதை அடுத்தும் பம்பாய், ஆக்ரா, புது டில்லி, ஆமதாபாத், கல்கத்தா, சென்னை, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களுக்கும் இக்கண்காட்சி வந்தது. அதில் இந்தியாவைக் காட்டிய படங்களிற் பல, வெளிநாட்டிலிருந்து வந்துபோன புகழ்பெற்ற கலைஞர்கள் எடுத்தவை. அவர்கள் திறமையுடையவர்கள், சிலர் மெய்யான பரிவும் உடையவர்கள். ஆனால் விருந்தாளியின் கண்ணும் வீட்டாரின் கண்ணும் ஒன்றாகா. பஞ்சத்தில் மெலிந்த முகத்தை விருந்தாளி காண்பான். தானியம் எங்கே போயிற்று என்பதை வீட்டான் அறிவான்.

ஜாக்ரெப் காட்டிய வழி

இவ்வாறானால் உணர்ச்சியைப் பற்றிய சர்வதேசக் கண்காட்சியே கூடாதா என்று கேட்கலாம். கூடும், அதை நடத்தும் முறை வேறு என்பதே நமது கருத்து. அம்முறைக்கு உதாரணமாக, அளவில் சிறியதாயினும், குரோஷியா நாட்டின் தலைநகரான ஜாக்ரெப்பில் 2006-இல் தோன்றிய 'முறிந்த உறவுகளின் காட்சிசாலை'யைக் கூறலாம்.

ஓலிங்கா விஷ்டிட்சா என்னும் மாதும், ட்ராஸன் குருபிஷிட்ச் என்னும் கலைஞரும் நாலாண்டுகள் சேர்ந்து வாழ்ந்து 2003-இல் பிரிந்தவர்கள். பிரிவுக்குப் பின் மிஞ்சிய பொருள்களை என் செய்வது என்று விளையாட்டாகத் தொடங்கிய பேச்சு, சில ஆண்டுகளில் கலைக்காட்சியாக உருவெடுத்தது. நண்பர்களிடமும் பின்னர் அயலாரிடமும், முறிந்த அன்பின் அடையாளமாக எஞ்சிய பொருள் ஒன்றையும், அதன் கதையை அவரவர் சொல்லிலேயே எழுதியும் தரும்படி கேட்டார்கள். பின்னர் அது பெர்லின், பெல்கிரேடு, ஸிங்கப்பூர், கேப்டவுன் முதலிய பல நகரங்களுக்குச் சென்றது. சென்ற இடமெல்லாம் அந்தந்த ஊர் ஜனங்களிடமிருந்து புதுப் பொருள்களைப் பெற்றுக்கொண்டு வளர்ந்தது. சர்க்காரின் உதவி கிட்டாதபடியால், 2010-இல் அவ்விருவரும் தம் சொந்தப் பொறுப்பில் ஜாக்ரெப்பின் மேலூரில் நிரந்தரக் காட்சிசாலை ஒன்றை அமைத்தார்கள். மறு ஆண்டில் ஐரோப்பியக் காட்சிசாலைகளுக்குரிய கென்னத் ஹட்ஸன் பரிசு அதற்குக் கிடைத்தது.

அங்குள்ள பொருள்கள் விலையுயர்ந்தவையல்ல. பெர்லினிலிருந்து வந்த ஒரு கோடரி இருக்கிறது. தன்னைப் பிரிந்துபோனவருடைய மேஜை நாற்காலிகளைத் தினம் ஒன்றாக ஒருத்தி பிளந்து தள்ளிய கோடரி அது. யுத்தத்தில் காலிழந்த போர்வீரர் ஒருவருடைய செயற்கைக் காலும் இருக்கிறது. அதைப் பெற உதவி செய்த பெண்மீது அவர் காதல் கொண்டார். காதல் முறிந்தது, கால் நிலைத்தது என்பதை அவரே நகைச்சுவையோடு எழுதித் தந்திருக்கிறார். அந்தக் காலைப் பார்ப்பவன் ஒரு மனிதனின் ஏமாற்றத்தை மட்டுமன்றி, யூகோஸ்லாவியா சிதறியபோது நடந்த யுத்தத்தையும் அறிந்துகொள்கிறான். பொருளுக்கு உரியவரின் பெயர் இல்லை. ஆனால் ஊர் உண்டு, உறவு இருந்த காலம் உண்டு, காரணம் உண்டு. அவற்றைச் சொன்னவர் அழுதவரே.

ஆணும் பெண்ணும் கொண்ட உறவின் முறிவே இதில் பெரும்பகுதி என்பதும், பஞ்சமும் அடிமைத்தனமும் போன்ற பெருந்துயரங்களை இவ்வளவு சுலபமாக ஒரு பொருளிலும் ஒரு குறிப்பிலும் அடக்கிவிட முடியாது என்பதும் நமக்குத் தெரியும். ஸ்டைகன் எடுத்துக்கொண்ட காரியம் மிகப் பெரியது. இவர்கள் எடுத்துக்கொண்டது சிறியது. ஆனால் முறையிலே இவர்கள் முன்னேறியிருக்கிறார்கள். அங்கே ஒரு நாடு தேர்ந்தெடுத்தது, மற்ற நாடுகள் பார்த்தன. இங்கே போன ஊர்கள் யாவும் கொடுத்தன, பேசின.

நாம் கேட்கவேண்டியவை

இன்று நம் நாட்டிலிருந்தும் கலைக்கண்காட்சிகள் அயல்நாடு செல்கின்றன. அயல்நாட்டாரின் கண்காட்சிகள் இங்கு வருகின்றன. தூதரகங்களும் கலாசார ஸ்தாபனங்களும் பெரு வியாபாரிகளும் செலவை ஏற்கிறார்கள். அன்பு, துயரம், நம்பிக்கை என்னும் பெரிய சொற்கள் அழைப்பிதழ்களில் அச்சிடப்படுகின்றன. அவற்றை வரவேற்போம். வரவேற்கும்போதே மூன்று நிபந்தனைகளை நம் கலைஞர்களும் காட்சிசாலையாரும் தயங்காது கேட்கவேண்டும் என்று கருதுகிறோம்.

முதலாவது, எந்த ஜனங்களின் முகம் காட்டப்படுகிறதோ அந்த ஜனங்களுக்குத் தேர்வுக் குழுவில் இடம் வேண்டும். படத்தில் இடம் கொடுத்துவிட்டுத் தேர்வில் இடம் மறுப்பது ஒத்துழைப்பாகாது. இரண்டாவது, ஒவ்வொரு படைப்பின் அடியிலும் ஊரும் ஆண்டும் காரணமும் தெளிவாக எழுதப்படவேண்டும். பொன்மொழி அதற்கு ஈடாகாது. மூன்றாவது, கண்காட்சி செல்லும் ஒவ்வொரு நகரத்துக்கும் தன் பங்கைச் சேர்க்கும் உரிமை வேண்டும். ஏதேனும் ஒரு படைப்பு நீக்கப்படுமாயின், நீக்கியவர் யார், ஏன் நீக்கினார் என்பதை அவ்விடத்திலேயே எழுதி மாட்டவேண்டும். வெற்றிடமும் ஒரு செய்தியே. அதை மறைப்பதுதான் தவறு.

நம்மவர் நடத்தும் கண்காட்சிகளுக்கும் இவை பொருந்தும். நகரத்துக் கலைஞன் கிராமத்தாரின் முகத்தை எடுத்துச் செல்லும்போதும், மேற்குலத்தான் தாழ்த்தப்பட்டோரின் துயரத்தைச் சித்திரிக்கும்போதும் இதே மூன்று கேள்விகள் எழத்தான் செய்கின்றன. வெள்ளையனிடம் கேட்ட நியாயத்தை நம்மிடம் கேட்கும்போது காதைப் பொத்திக்கொள்வது தேசபக்தியாகாது.

ஸ்டைகன் 1973-இல் காலமானார். அவர் பிறந்த லக்ஸம்பர்க் நாட்டில், கிளெர்வோ என்னும் ஊரிலுள்ள கோட்டையில், 1994 முதல் 'மானிட குடும்பம்' நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் 1944 டிஸம்பரில் எரிந்து பின்னர் புதுப்பிக்கப்பட்ட கோட்டை அது. 2003-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இத்தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அது தகுந்த கௌரவமே. யுத்தத்தால் எரிந்த சுவர்களுக்கிடையே, யுத்தம் வேண்டாம் என்று ஒரு முதியவர் உலகத்தை நோக்கி விடுத்த வேண்டுகோளைப் பாதுகாத்து வைத்திருப்பதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் அக்கோட்டையில் நடப்பவர்கள், அங்கே இல்லாத ஒரு படத்தையும் நினைவில் கொள்ளவேண்டும் என்பதே நம் விருப்பம். மனிதர் யாவரும் ஒரு குடும்பம் என்றால், அக்குடும்பத்தில் யாரும் பேச உரிமையற்ற அங்கத்தினராக இருத்தலாகாது. அழுபவனைக் காட்டுகிறவர்கள், அவன் ஏன் அழுகிறான் என்பதை அவன் வாயாலேயே கேட்டுப் பிறகு காட்டட்டும். அதுவரை குடும்பம் என்னும் பெயர் சுவரில் இருக்கும், வீட்டில் இராது.